ஆக்ஸிமாரை ஏன் விட்டோம்

மார்ச் 4, திங்கள்

தினமும் பிரஷர் பார்த்து ஒரு நோட்டில் எழுத வேண்டுமாம். அன்றைக்கு எதற்குக் கோபம் வந்தது என்று பக்கத்திலேயே ஒரு வரியும் எழுத வேண்டுமாம். டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒரு வரியாம்! அந்த மனுஷர் எங்கள் கம்பெனிக்கு வந்து ஒரு நாள் வேலை பார்க்கட்டும், அப்புறம் சொல்லட்டும்.

நோட்டு எதுவும் வாங்கவில்லை. பொங்கலுக்கு ஆக்ஸிமார்காரர்கள் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. பக்கத்துக்குப் பக்கம் அவர்கள் முத்திரை.

160/98.

காரணம், பல்லடம் மில்லிலிருந்து மூன்று மெஷின் திரும்பி வந்துவிட்டது. நாங்கள் செய்வது நூற்பாலைகளுக்கான கம்ப்யூட்டர். நூற்கும் மெஷினுக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டால் எத்தனை நூல் அறுந்தது, எத்தனை கிலோ ஓடியது என்று காட்டிக்கொண்டே இருக்கும். மில்லுக்குள் பஞ்சு பறப்பதால் ஃபேன் வைக்க முடியாது, ஒரே வாரத்தில் அடைத்துக்கொள்ளும். சூடெல்லாம் பெட்டியின் முதுகு வழியாகத்தான் வெளியே போக வேண்டும். பெட்டியை வடிவமைப்பவர் சூசைராஜ். உள்ளே வைக்கும் பிராசசரை ஆக்ஸிமாரிடம் வாங்குபவள் நான். அதனால் ஒரு மெஷின் மக்கர் செய்தால் அவர் என் சிப்பைக் காட்டுவார், நான் அவர் பெட்டியைக் காட்டுவேன்.

இன்றும் அதேதான். "பெட்டி இதுக்கு மேல என்ன மேடம் பண்ணும்? சிப்பு அடுப்பு மாதிரி எரியுது" என்றார்.

"எரியறது உங்க வாய்தான் சூசை" என்றேன்.

போகிறபோது, டோவிக் என்கிற இன்னொரு சிப் கம்பெனி அனுப்பிய சாம்பிள் போர்டைப் போட்டுப் பார்க்கலாமா என்று மறுபடியும் கேட்டார். இரண்டு வருஷமாக இதே பாட்டு. அடுத்த மாசம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 6, புதன்

148/92. சண்டையில்லாத நாள்.

புது மெஷின்களை பேக் செய்யும் முன் இரண்டு நாள் ரேக்கில் அடுக்கி முழு வேகத்தில் ஓட விடுவோம். பதினொரு மணியானால் ஆளாளுக்கு டிபன் பாக்ஸைக் கொண்டுபோய் ஓடுகிற மெஷின்மேல் வைத்துவிடுவோம். ஒரு மணிக்கு எடுத்தால் இப்போதுதான் வடித்த சாதம்போல் சுடும். இதை யார் ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் ஞாபகமில்லை, ஆனால் ஆளுக்கோர் இடம் உண்டு. இரண்டாம் தட்டு இடது ஓரம் என்னுடையது. எம்.டி. வீட்டிலிருந்து கேரியர் வந்தால் அதற்கு மேல்தட்டு.

இன்று எனக்குக் கொள்ளுப்பருப்பு. அக்கவுண்ட்ஸில் புதிதாகச் சேர்ந்த பெண் விவரம் தெரியாமல் தயிர்சாதத்தை வைத்துவிட்டாள். புளித்துப் போய்விட்டது. "ஆக்ஸிமார் மேல தயிர்சாதம் வெக்கலாமா கண்ணு?" என்று எல்லாரும் கேலி செய்து அவளை அழவைக்காத குறை.

சாயங்காலம் பரிசோதனைப் படிவங்கள் நாற்பதில் கையெழுத்துப் போட்டேன். ஏழாவது கட்டம், "தொட்டால் மிகையான சூடு". இல்லை, இல்லை, இல்லை என்று டிக் அடித்தே கை வலி கண்டுவிட்டது.

மார்ச் 11, திங்கள்

பெங்களூரிலிருந்து பிரசன்னா போன் செய்தார். ஆக்ஸிமாரில் நம் கணக்கைப் பார்த்துக்கொள்பவர். சூடு குறைந்த புது சிப் ஜூனில் வந்துவிடுமாம்.

"ஜனவரின்னு சொன்னீங்களே?"

"கொஞ்சம் தள்ளிப்போச்சு மேடம். ஜூன் பக்கா. உங்களுக்குத்தான் முதல்ல."

அதைச் சூசையிடம் சொன்னேன். "போன வருஷம் தீபாவளிக்குன்னு சொன்னாங்க" என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வருஷம் முன்னால் உலகம் பூரா சிப் கிடைக்காமல் கார் கம்பெனிகளே ஷட்டரை இறக்கினபோது, அறுநூறு சிப்பைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு ரயிலேறி வந்து கொடுத்தவர் இந்தப் பிரசன்னா. அன்றைக்கு அவர் வராமல் போயிருந்தால் இந்தக் கம்பெனியே இல்லை, சூசையும் இல்லை, சூசையின் பெட்டியும் இல்லை. நான் இருக்கிறவரை ஆக்ஸிமார்தான் என்று அன்றைக்கே எம்.டி.யிடம் சொன்னேன். சொன்ன வார்த்தை சொன்னதுதான். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்து வளர்த்திருக்கிறார்கள்.

155/95.

மார்ச் 14, வியாழன்

பல்லடம் மில்லுக்கு நேரிலேயே போனேன். ஸ்பின்னிங் மாஸ்டர் குழந்தைவேலு வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க மேடம், மத்தியானம் ரெண்டு மணியாச்சுன்னா உங்க பொட்டி தூங்கிப் போயிருதுங்க. சாயங்காலம் வெயில் தாழ்ந்தாத்தான் முழிக்குது. எங்களுக்கே ஷிப்ட்ல தூக்கம் கிடையாது, அதுக்கு மட்டும் என்னங்க?"

உள்ளே போனேன். வரிசையாக எல்லா மெஷின் மேலும் ஈரத்துணி! கரண்ட் ஓடுகிற பெட்டியின்மேல் ஈரத்துணி! எனக்கு வந்த கோபத்துக்கு அளவேயில்லை. யார் போட்டது என்று சத்தம் போட்டேன். பாவாத்தாள் என்கிற அம்மா முன்னால் வந்தார். முந்தானையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"நானுங்க. பிழிஞ்சுதான் போடறனுங்க. துணி போட்டா ஓடுது, எடுத்தா நின்னு போயிருது. காய்ச்சல் கண்ட கொழந்தைக்கு நெத்தியில போடற மாதிரிங்க."

"தண்ணி உள்ளே போனா ஷாக் அடிச்சுச் செத்துப் போவீங்க!"

"அது நின்னா அறுந்த நூலு எங்கன்னு தெரியாதுங்க. மாஸ்டரு எங்களைத்தான வையறாரு."

துணியை எடுக்கச் சொல்லி ஒரு மெஷினின் முதுகில் கை வைத்தேன். சூடுதான். மில்லுக்குள்ளே எதுதான் சூடாக இல்லை? பெட்டியின் முதுகை இன்னும் அகலமாக வைத்திருந்தால் சரியாகியிருக்கும் என்று சூசைக்குக் காரிலிருந்தே மெசேஜ் அனுப்பினேன். அவர் பதில் போடவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் உள்ளங்கை சிவப்பாகவே இருந்தது. என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார்.

மார்ச் 15

தலைவலி. பார்க்கவில்லை.

மார்ச் 18, திங்கள்

எம்.டி. தண்டபாணி சார் கூப்பிட்டார். அவர் சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை. இன்று கதவைச் சாத்தச் சொன்னார்.

பல்லடம் மில்காரர்களுக்கு இன்னும் ஐந்து மில் இருக்கிறது. அத்தனைக்கும் நம் மெஷினா வேறு கம்பெனி மெஷினா என்று ஏப்ரல் பத்தாம் தேதி முடிவு செய்யப் போகிறார்கள். மத்தியானம் மெஷின் தூங்குவதற்கான காரணத்தை அதற்குள் எழுத்தில் கேட்கிறார்கள்.

"வேணி, எனக்கு ஒரே பதில் வேணும். பெட்டியா, சிப்பா? நீங்களே எழுதிக் குடுங்க. பெட்டின்னா சூசையை அனுப்பிச்சர்லாம், வேற ஆளுதான் போடணும். சிப்புன்னா..." என்று நிறுத்தினார். "அது நீங்க புடிச்ச புடி."

இரண்டையும் பரிசோதித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். ஒரு மனிதனின் வேலை என் பேனா முனையில் நிற்கிறது. ஆனால் நான் என்ன செய்ய? பெட்டி சரியில்லை என்றால் சரியில்லைதானே.

162/100. இவர் பார்த்துவிட்டு உப்பைக் குறைத்துவிட்டார். சமையலில் உப்பைக் குறைத்தால் ஆபீஸில் குறையுமா?

மார்ச் 20, புதன்

டோவிக் சாம்பிள் போர்டைச் சூசையிடம் கொடுத்தேன். இரண்டு வருஷமாக என் டிராயரில்தான் இருந்தது. மேலே கிடந்த பழைய மாஸ்க்குகளையும் குடை உறையையும் எடுத்த பிறகு கிடைத்தது. இத்தனை நாள் எங்கே தேடியும் காணோம் என்று நான் சொன்னதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன்.

கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏதாவது பேசியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

இது வேண்டாத வேலை. சிப்பை மாற்றினால் நம் புரோகிராம் முழுவதையும் மாற்றி எழுத வேண்டும், மூன்று மாத வேலை. இதை யாரும் யோசிப்பதில்லை. "நம்ம பெட்டியிலேயே வெச்சு, அவங்க குடுத்த டெஸ்ட் புரோகிராமைப் போட்டு ரேக்குல ஓட விடுங்க, எனக்கு நம்பர் மட்டும் குடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 21, வியாழன்

இன்று சாப்பாடு ஆறிப்போயிருந்தது. அரிசிம்பருப்புச் சாதம் சூடாக இருந்தால்தான் சாதம். என் இடத்தில் மெஷினை யாரோ ஆஃப் செய்து வைத்திருக்க வேண்டும். ஒருத்தருக்கும் பொறுப்பில்லை. 152/94.

மார்ச் 22, வெள்ளி

இன்றைக்கும் சாப்பாடு சில்லென்று இருந்தது. இரண்டு நாளாகிறது! டிபன் பாக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு ரேக் முன்னால் நின்று கத்தினேன்.

"இரண்டாம் தட்டு இடது ஓரத்து மெஷினை யார் ஆஃப் பண்ணினது? முழு வேகத்துல ரெண்டு நாள் ஓடணும்னு தெரியாதா? ஓடாத மெஷினை ஓடுச்சுன்னு நான் கையெழுத்துப் போடணுமா?"

பன்னிரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சூசை எழுந்து கை கழுவிவிட்டு வந்தார்.

"ஆஃப் பண்ணலை மேடம். ரெண்டு நாளா முழு வேகத்துலதான் ஓடுது. அதுதான் டோவிக்."

திரையைத் திருப்பிக் காட்டினார். ஓடிக்கொண்டுதான் இருந்தது. பக்கத்து மெஷினைவிட வேகமாகவே ஓடியது. நான் முதுகில் கை வைத்தேன். வைத்த கையை எடுக்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த மெஷின்மேல் அக்கவுண்ட்ஸ் பெண்ணின் சாம்பார் பாக்ஸிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"வேணும்னே என் இடத்துல வெச்சீங்களா?" என்று கேட்டேன்.

"அந்த இடம்தான் காலியா இருந்துச்சு மேடம்."

இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

யாரோ சிரித்தார்கள். எல்லாரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். சூசை மட்டும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. ஆறின சாதத்தை அப்படியே தின்றேன்.

பிரஷர் பார்க்கவில்லை. எவ்வளவு இருக்கும் என்று எனக்கே தெரியும்.

மார்ச் 23, சனி

பழைய படிவங்களை எடுத்துப் பார்த்தேன். மூன்று வருஷம், ஏறக்குறைய மூவாயிரம் படிவம். ஏழாவது கட்டத்தில் எல்லாவற்றிலும் "இல்லை". எல்லாவற்றிலும் அம்சவேணி என்று என் கையெழுத்து. இதில் பாதிக்குமேல் மத்தியானம் சாப்பாடு சூடாகச் சாப்பிட்டுவிட்டு வந்து போட்டது.

சோறு சுட வைக்கிற பெட்டி சூடாக இருக்கிறது என்று இந்தக் கட்டடத்தில் யாருக்குத் தெரியாது? எல்லாருக்கும் தெரியும். பழகிப் போய்விட்டது. எனக்கு மட்டும்தான் பழகிப் போனதா என்ன?

மார்ச் 27, புதன்

பிரசன்னாவுக்கு நானே போன் செய்தேன். "ஜூன் வேண்டாம், தீபாவளி வேண்டாம். சூடு குறைஞ்ச சிப்பு வருமா வராதா? உங்க பொண்ணு மேல ஆணையா சொல்லுங்க" என்றேன்.

"வராது மேடம்" என்றார்.

"எப்போலிருந்து தெரியும்?"

"போன ஆகஸ்ட்லயே நிறுத்திட்டாங்க. டேட்டா சென்டருக்குப் பெரிய சிப்பு பண்றதுலதான் எல்லாரும் இருக்காங்க. நானும் நிறைய சண்டை போட்டேன். ஃபேன் இல்லாத சின்னப் பெட்டி வேணும்னு கேக்கறது எங்க லிஸ்ட்ல நீங்க மட்டும்தான் மேடம். உங்க பிரச்சினையை அங்க யாருக்கும் புரியவைக்க முடியலை."

"அப்போ ஏன் ஜூன், ஜூன்னு சொன்னீங்க?"

"நீங்க போயிடுவீங்களோன்னு..."

நான் அழவில்லை. நன்றாகத் திட்டினேன். எனக்குத் தெரிந்த வசவு எல்லாவற்றையும், கொங்கு நாட்டு வசவையும் சேர்த்து, ஒன்றுவிடாமல் திட்டினேன். அவர் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பாவம், ரயிலேறி வந்த மனுஷன். திட்டி முடித்ததும் எனக்குத்தான் தாங்கவில்லை. பாத்ரூமில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 29, வெள்ளி

அறிக்கை எழுத ஆரம்பித்தேன். தலைப்பு, "ஆக்ஸிமாரை ஏன் விட வேண்டும்". எழுதுவது பெரிய கஷ்டமாக இல்லை. கோபம் இருக்கும்போது பேனா ஓடுகிறது.

எம்.டி. பாதி அறிக்கையைப் படித்துவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரிதானுங்க. ஆனா மூணு வருஷமா நீங்கதான கையெழுத்துப் போட்டீங்கன்னு மில்லுக்காரன் கேப்பான். பெட்டியிலயும் கொஞ்சம் குறை இருக்குதுன்னு ஒரே ஒரு வரி போட்டுருங்க. உங்க பேரு தப்பிச்சுரும். சூசையை நான் பாத்துக்கறேன்."

எழுதினேன். "பெட்டியின் வடிவமைப்பிலும் சில மேம்பாடுகள் தேவை." பொய்யொன்றும் இல்லையே. எந்தப் பெட்டிக்குத்தான் மேம்பாடு தேவையில்லை?

ஏப்ரல் 1, திங்கள்

சூசை வந்து, "ரிப்போர்ட் முடிஞ்சுதா மேடம்?" என்றார்.

"இன்னும் ரெண்டு நாள்."

156/96.

ஏப்ரல் 3, புதன்

மறுபடி கேட்டார். "இந்த வாரக் கடைசி" என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எனக்கு ஒரு போன் வந்துவிட்டது. உண்மையில் அது காஸ் கம்பெனியிலிருந்து வந்த பதிவு செய்த குரல்தான், இருந்தாலும் முழுவதையும் கேட்டேன்.

அந்த ஒரு வரி அப்படியே இருக்கிறது. எடுத்தேன், போட்டேன், எடுத்தேன், போட்டேன். எட்டு மாதம் பொய் சொன்ன பிரசன்னாவைத் திட்டின வாய்க்கு இந்த ஒரு வரியைப் பற்றி யாரிடமும் சொல்லத் தைரியமில்லை. இவரிடம்கூடச் சொல்லவில்லை.

ஏப்ரல் 5, வெள்ளி

அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். அந்த வரியை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில், "பெட்டியில் குறை இல்லை. அதே பெட்டியில் டோவிக் சிப் சூடாகவில்லை. மூன்று வருஷமாகச் சூடு இல்லை என்று சான்றளித்தது என் தவறு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எம்.டி. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டீங்களே வேணி" என்றார். சிப் வாங்குகிற வேலையிலிருந்து என்னை எடுத்தாலும் எடுப்பார். எடுக்கட்டும்.

142/90. ஒரு மாதத்தில் இதுதான் குறைவு.

ஏப்ரல் 10, புதன்

ஐந்து மில்லும் நமக்கே. மாஸ்டர் குழந்தைவேலு போனில், "புதுப் பொட்டிக்கு ஈரத்துணி வேணுங்களா வேண்டாங்களா, பாவாத்தாள் கேக்கறா" என்றார். வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். மில்காரர்கள் என் கையெழுத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். உண்மையைச் சொன்னதாலேயே நம்பினார்களாம். எம்.டி. இதைத் தன் யோசனைபோலவே சொல்லிக்கொண்டிருந்தார்.

டோவிக்குக்கு மாறுவது முடிவாகிவிட்டது. புரோகிராம் எழுதுகிறவர்கள் என்னைப் பார்த்து முறைக்கிறார்கள். முறைக்கட்டும். ரொம்ப நாளைக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தேன். சூசைக்கு ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கி வைத்திருக்கிறேன். நாளை லீவு போட்டிருக்கிறார், வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். இனி அவர் கேட்ட சூட்டுப் பரிசோதனை அறை, பெட்டி வார்க்கப் புது அச்சு எல்லாவற்றையும் வாங்கிக் கொடுத்துவிட வேண்டியதுதான். எத்தனை தடவை கேட்டிருப்பார்!

ஏப்ரல் 12, வெள்ளி

சூசை ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டார். ஓசூரில் ஒரு கம்பெனி. நேற்று லீவு போட்டுப் போனது அதற்குத்தானாம்.

அவர் மேஜைக்கே போனேன். கையில் மைசூர்பாகு டப்பா வேறு. "என்ன சூசை இது? நான்தான் எழுதிட்டேனே, உங்க மேல ஒரு தப்பும் இல்லைன்னு. என் தப்புன்னே எழுதிட்டேனே."

"படிச்சேன் மேடம். எம்.டி. காட்டினாரு. ரொம்ப நன்றி. யாரும் அப்படி எழுத மாட்டாங்க." கிண்டலாகச் சொல்லவில்லை. மனசாரத்தான் சொன்னார்.

"அப்புறம் என்ன? இனிமேதானே உங்களுக்கு நல்ல காலம். கேட்டதெல்லாம் அடுத்த மாசமே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

அவர் தன் அளவுகோல்களைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஏன் போறீங்கன்னாவது சொல்லிட்டுப் போங்க" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"உங்க ரிப்போர்ட்லயே இருக்கு மேடம். மூணாம் பக்கம்."

என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு மூன்றாம் பக்கத்தை எடுத்தேன். நான் எழுதியதுதான்.

"இரண்டு வருஷமாக ஒரே பிரச்சினையைத் திரும்பத் திரும்பச் சொன்னோம். ஒவ்வொரு முறையும் அடுத்த முறை என்றார்கள். நம் பிரச்சினையைத் தங்கள் பிரச்சினையாக அவர்கள் ஒருநாளும் நினைக்கவில்லை. உண்மை தெரிந்த பிறகும், நாம் போய்விடுவோமோ என்று பயந்துதான் பேசினார்களே தவிர, நமக்காகப் பேசவில்லை. கடைசியில் உண்மையைச் சொன்னார்கள். ஆனால் அதற்குள் நம் நம்பிக்கை போய்விட்டது."

இரண்டு தடவை படித்தேன். ஆக்ஸிமார் என்று தலைப்பில் இருக்கிறது, அவ்வளவுதான். அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதினால் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை.